முதல் பங்களிப்பு எங்கே நின்றது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் கையேடு

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிற்பகல், சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவிகள் வருவார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிகள், ஓய்வு நாள் கிடைத்தால் வருவார்கள். ஒருவருக்கு விக்கிப்பீடியாவில் தம் ஊர்க் கோவிலைப் பற்றி நாலு வரி சேர்க்க வேண்டும். இன்னொருவருக்கு, பலர் சேர்ந்து நிரல் எழுதும் தளமான கிட்ஹப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டும். வேறொருவருக்குத் தேக்காவில் (லிட்டில் இந்தியா) தாம் சாப்பிடும் கடையை, யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் குறிக்க வேண்டும். எல்லாருக்கும் ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடும். எனக்குத் திரும்பத் திரும்ப வந்த பழுதுகள் பத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நின்றவுடன் "எனக்கு இதெல்லாம் வராது" என்று மடிக்கணினியை மூடிவிட்டுப் போனவர்கள் பலர். அவர்களில் யாரும் திறமை போதாமல் திரும்பியவர்கள் இல்லை என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

உங்கள் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். நேரமும் சிரமமும் குறைவான காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். பாதியில் சரியாகிவிட்டால் மீதியைப் படிக்க வேண்டாம்.

எதற்கும் முன்னால் ஒன்று: திரையில் வந்த செய்தியை மூடாதீர்கள், முழுவதையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "ஏதோ எரர் வந்துச்சு அக்கா, மூடிட்டேன்" என்று வருபவருக்கு உதவ, அதே பிழையை மறுபடி வரவழைக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

அறிகுறி 1: விக்கிப்பீடியாவில் சேமிக்கவே விடவில்லை, "தடுக்கப்பட்டுள்ளது" என்கிறது

முதலில் மேல் மூலையைப் பாருங்கள். உங்கள் பயனர் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் நீங்கள் உள்நுழையவில்லை. உள்நுழைந்து மறுபடி சேமியுங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு முடிந்துவிடும்.

*உள்நுழைந்தும் தடை வருகிறது.* கைப்பேசியில் விபிஎன் (உங்கள் இணைய முகவரியை மாற்றிக் காட்டும் செயலி) ஓடுகிறதா? ஊரில் இருக்கும் படம் பார்க்கவோ வீட்டாரோடு பேசவோ பலர் விபிஎன் போட்டிருப்பார்கள், அது ஓடுவதே நினைவில் இருக்காது. விக்கிமீடியா தளங்கள் விபிஎன் முகவரிகளைக் கூட்டம் கூட்டமாகத் தடுத்துவைத்திருக்கின்றன. அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

*விபிஎன் இல்லை, ஆனாலும் தடை.* பள்ளி, அலுவலகம், தங்கும் விடுதி வைஃபை எல்லாம் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கானோருக்குப் பகிரும். அவர்களில் யாரோ குறும்பு செய்து, அந்த முகவரி தடைபட்டிருக்கலாம். வைஃபையை அணைத்துக் கைப்பேசித் தரவில் முயலுங்கள். அங்கே ஓடினால் பழுது இணைப்பில்தான், உங்கள் கணக்கில் இல்லை.

*எல்லா இணைப்பிலும் தடை.* செய்தியில் உங்கள் பயனர் பெயரே குறிப்பிடப்பட்டிருந்தால், தடை கணக்கின் மேல். ஒரு சங்கத்தின் பெயரிலோ கடையின் பெயரிலோ கணக்கைத் தொடங்கியிருந்தால் இப்படி நடக்கும். கணக்கு ஓர் ஆளுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கட்டத்தில் புதிதாக இன்னொரு கணக்கு திறந்து முயலாதீர்கள், அது தடையை மீறும் முயற்சியாகத் தெரியும். தடைச் செய்தியில் உள்ள வழியில் நிர்வாகிக்கு எழுதுங்கள். வேலை காரணமாக விபிஎன் கட்டாயம் என்றால், முகவரித் தடையிலிருந்து விலக்குக் கேட்கவும் வழி உண்டு.

அறிகுறி 2: எழுதியது சேமித்தாயிற்று, மறுநாள் பார்த்தால் காணோம்

பக்கத்தின் மேலே "வரலாறு" என்று இருக்கும். அதைத் திறங்கள். உங்கள் திருத்தம் அங்கே அப்படியே இருக்கும், யார் மீளமைத்தார், ஏன் என்ற ஒரு வரிக் குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். எதுவும் அழிந்துபோகவில்லை. இதைக் காட்டியதும் முகம் மலர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

*"சான்று இல்லை" என்று குறிப்பு.* இதுதான் மிக அதிகம். நமக்குத் தெரிந்த உண்மைதான், ஆனால் படிப்பவர் சரிபார்க்க வழி வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றால் நம்மிடம் நல்ல சுரங்கம் இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடலாம். சில பக்கங்களை நூலகக் கணினியில் மட்டுமே திறக்க முடியும், அதற்கு ஒருநாள் நேரில் போக வேண்டியிருக்கும். இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் குறித்துக்கொண்டு வந்து சான்றாகச் சேருங்கள்.

*"பதிப்புரிமை மீறல்".* கோவில் மலரிலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோ வரிகளை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பீர்கள். தகவலை எடுக்கலாம், வாக்கியத்தை எடுக்கக் கூடாது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சொந்தமாக எழுதிப் பாருங்கள்.

*"விளம்பரம்" அல்லது "நலமுரண்".* உங்கள் சங்கம், உங்கள் ஆசிரியர், உங்கள் முதலாளி. இவர்களைப் பற்றி எழுதத்தான் முதலில் ஆசை வரும், அது இயல்பு. ஆனால் நேராகக் கட்டுரையைத் தொடாமல், பேச்சுப் பக்கத்தில் தகவலையும் சான்றையும் வைத்து, உங்களுக்கு என்ன உறவு என்பதையும் சொல்லிவிடுங்கள். வேறொருவர் பார்த்துச் சேர்ப்பார்.

*காரணமே இல்லை.* மீளமைத்தவரின் பேச்சுப் பக்கத்தில் மரியாதையாக ஒரு வரி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேளுங்கள். 2003 முதல் வளர்ந்துவரும் இடம், புதியவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் பெரியவர்கள் அங்கே உண்டு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை நீங்களே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால் தொகுப்புப் போராகி, தடையில் முடியும்.

அறிகுறி 3: விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிய படம் நீக்கப்பட்டது

பொதுவகம் என்பது விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கான படங்களை வைக்கும் இடம். இதில் சிங்கப்பூருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

*வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றினீர்களா?* நீங்களே எடுத்த படமாக இருந்தாலும், வாட்ஸ்அப் வழியாகப் போய்வந்தால் அளவு சுருங்கும், கேமரா விவரமும் உதிர்ந்துவிடும். பார்ப்பவருக்கு அது எங்கிருந்தோ எடுத்த படம்போலத் தோன்றும். கைப்பேசியில் உள்ள மூலப் படத்தை ஏற்றுங்கள்.

*படம் எடுத்தவர் வேறொருவரா?* அவர் "போட்டுக்கோ" என்று வாயால் சொன்னது போதாது. படம் எடுத்தவரே உரிமத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அதைச் சரிபார்க்கத் தன்னார்வலர் குழு ஒன்று இருக்கிறது. அதைவிட எளிது, அவரையே ஒரு கணக்குத் திறந்து ஏற்றச் சொல்வது.

*தேக்காவின் சுவரோவியமா?* தேக்காவுக்கு வரும் எல்லாருக்கும் கை தானாக அந்தச் சுவர்களை நோக்கிப் போகும். சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், பொது இடத்தில் நிலையாக நிற்கும் கட்டடத்தையும் சிற்பத்தையும் யாரும் படமெடுத்து வெளியிட விடுகிறது. சுவரில் தீட்டிய ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை, அதன் உரிமை ஓவியரிடமே இருக்கிறது. ஆகவே சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவில் கோபுரத்தை ஏற்றலாம், கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியாவின் வண்ண வண்ண வீட்டை ஏற்றலாம், பக்கத்துச் சுவரோவியத்தை மட்டும் தனியாக ஏற்றினால் நீக்கப்படும். தெருவைப் படமெடுக்கும்போது மூலையில் கொஞ்சம் ஓவியம் விழுந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. படத்தின் பொருளே ஓவியம்தான் என்றால் வரும். பதாகை, சுவரொட்டி, புத்தக அட்டை இவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஓவியரின் அனுமதி கிடைக்கும் என்றால், மேலே சொன்ன மின்னஞ்சல் வழியில் முயலலாம். நீக்கியது தவறு என்று தோன்றினால் மீட்புக் கோரிக்கை வைக்கத் தனிப் பக்கம் இருக்கிறது. அதே படத்தை வேறு பெயரில் மறுபடி ஏற்ற வேண்டாம்.

அறிகுறி 4: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயர் சேர்த்தேன், வரைபடத்தில் வரவில்லை

*ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.* உலாவி பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கட்டாயப் புதுப்பிப்புச் செய்து பாருங்கள், அல்லது வேறு உலாவியில் திறங்கள். நெருக்கமான காட்சி சீக்கிரம் மாறும், தொலைவான காட்சி மாற நாளாகும்.

*கைப்பேசிச் செயலியில் பார்க்கிறீர்களா?* இணையமில்லாமல் ஓடும் வரைபடச் செயலிகள் தரவை மொத்தமாக அவ்வப்போதுதான் இறக்கிக்கொள்ளும். சில வாரம் பொறுங்கள்.

*கடை தெரிகிறது, தமிழ் மட்டும் தெரியவில்லை.* இங்கே பழுதே இல்லை. முதன்மைத் தளத்தின் வழக்கமான வரைபடம் "பெயர்" என்ற பொதுப் புலத்தை மட்டும்தான் காட்டும். நீங்கள் தமிழ்ப் பெயருக்கான புலத்தில் இட்டது தரவில் பத்திரமாக இருக்கிறது, தமிழில் காட்டும் செயலிகள் அதை எடுத்துக்கொள்ளும். தெரியவில்லையே என்று பொதுப் பெயரை அழித்துவிட்டுத் தமிழை அங்கே போட்டுவிடாதீர்கள். பொதுப் பெயர் பலகையில் உள்ளபடி இருக்கட்டும். எம்ஆர்டி நிலையங்களுக்கும் அப்படித்தான்: நிலையப் பலகையில் தமிழ் இருந்தால் அந்த எழுத்துக்கூட்டலையே இடுங்கள். நம் வாய்வழக்கு வேறாக இருந்தால் அதை மாற்றுப் பெயருக்கான புலத்தில் சேர்க்கலாம்.

*முழுக் கட்டடமும் கடையின் பெயராகிவிட்டது.* வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள மளிகைக் கடையைக் குறிக்கப் போய், புளோக்கையே தேர்ந்தெடுத்துப் பெயரிட்டிருப்பீர்கள். திருத்தத்தைத் திரும்பப் பெற்று, கட்டடத்துக்குள் ஒரு புள்ளி வைத்து அதற்குப் பெயரிடுங்கள்.

*"இந்தத் தகவல் எங்கிருந்து?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.* பயப்பட வேண்டாம், பதில் எழுதுங்கள். "நேரில் பார்த்தேன்" என்பதுதான் இருப்பதிலேயே நல்ல பதில். கூகுள் மேப்ஸைப் பார்த்து எடுத்திருந்தால் நேர்மையாகச் சொல்லி நீக்கிவிடுங்கள், அதன் உரிமம் இதற்கு இடம் தராது. முதல் சில முறை, சேமிக்கும் பெட்டியில் "என் திருத்தத்தை யாராவது பார்க்கவும்" என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. இன்னொன்று: "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்ற பலகை உள்ள இடத்தில் கைப்பேசியை நீட்டிப் படமெடுக்கவே வேண்டாம்.

அறிகுறி 5: கிட்ஹப்புக்குப் புஷ் செய்தால் (மாற்றத்தை அனுப்பினால்) மறுக்கிறது

*கடவுச்சொல்லைக் கேட்கிறது, சரியாகக் கொடுத்தும் ஏற்கவில்லை.* 2021 ஆகஸ்ட் 13 முதல், கட்டளை வரியில் கணக்குக் கடவுச்சொல்லைக் கிட்ஹப் ஏற்பதில்லை. பழைய காணொளியைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே சிக்குவார்கள். கணக்கின் அமைப்புகளுக்குப் போய் ஒரு டோக்கன் எடுத்து, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அதை ஒட்டுங்கள். இல்லையென்றால் எஸ்எஸ்எச் சாவி (உங்களை அடையாளம் காட்டும் சாவிக் கோப்பு) அமைத்துக்கொள்ளுங்கள்.

*403, அனுமதி இல்லை.* செய்தியில் எந்தப் பயனர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணனின் மடிக்கணினியை இரவல் வாங்கியிருந்தால், அவருடைய பெயர் அங்கே நிற்கும். கணினியில் சேமித்துள்ள பழைய உள்நுழைவு விவரத்தை நீக்குங்கள். பெயர் உங்களுடையதுதான் என்றால், நீங்கள் திட்டத்தின் மூலக் களஞ்சியத்துக்கே நேராக அனுப்பப் பார்க்கிறீர்கள். அங்கே எழுத உங்களுக்கு உரிமை கிடையாது, யாருக்கும் முதல் நாளில் கிடையாது. ஃபோர்க் பொத்தானை அழுத்தி உங்கள் பிரதியை உண்டாக்குங்கள். ரிமோட் முகவரியை (அனுப்ப வேண்டிய இடத்தை) அந்தப் பிரதிக்கு மாற்றிவிட்டுப் புஷ் செய்யுங்கள். செய்த வேலை எதுவும் வீணாகாது, முகவரி மட்டும்தான் மாறுகிறது.

*ஓர் எழுத்துப்பிழைதானே திருத்த வேண்டும்?* அப்படியென்றால் கட்டளை வரியே வேண்டாம். உலாவியில் அந்தக் கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்துங்கள், ஃபோர்க் எடுப்பதையும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) திறப்பதையும் கிட்ஹப்பே பார்த்துக்கொள்ளும். முதல் பங்களிப்புக்கு நான் எல்லாரையும் இந்த வழியில்தான் கூட்டிப்போவேன்.

*வீட்டில் ஓடுகிறது, அலுவலகக் கணினியில் ஓடவில்லை.* நிறுவனத்தின் வலைத் தடுப்பு. சுற்றுவழி தேடாதீர்கள், வீட்டுக் கணினிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 6: புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் சிவப்புப் பெருக்கல் குறி

சிவப்பைப் பார்த்ததும் பதறிப்போய் மூடிவிட்டு ஓடியவர்கள் உண்டு. அது தானாக ஓடும் சோதனை இயந்திரம் சொன்னது, எந்த மனிதரும் உங்களைத் திட்டவில்லை. "விவரம்" என்ற இணைப்பைத் திறந்து கடைசி இருபது வரிகளைப் படியுங்கள்.

*மஞ்சளாகவே நிற்கிறது, ஓடவே இல்லை.* முதன்முறை அனுப்புபவரின் சோதனைகளை மனிதர் ஒருவர் பார்த்து அனுமதித்தால்தான் ஓடும் என்று கிட்ஹப் வைத்திருக்கிறது. பிறர் கணினியில் மெய்நிகர் நாணயம் (கிரிப்டோ) தோண்டிய கூட்டத்தால் 2021-இல் வந்த கட்டுப்பாடு. காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை.

*கையொப்பம் இல்லை என்கிறது.* சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டின் (பதிவுசெய்த மாற்றத்தின்) அடியிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒப்புதல் வரியைக் கேட்கும். கமிட்டைத் திருத்தி அந்த வரியைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். வேறு சில திட்டங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பமிடச் சொல்லும். அதை அழுத்துமுன் கடைசி அறிகுறியைப் படித்துவிடுங்கள்.

*ஒரு வரி மாற்றினேன், ஆயிரம் வரி மாறியதாகக் காட்டுகிறது.* விண்டோஸ் வரி முடிவு. உங்கள் எடிட்டர் கோப்பு முழுவதிலும் வரி முடிவுகளை மாற்றிச் சேமித்துவிட்டது. எடிட்டரின் கீழ்ப்பட்டையில் அதை மாற்றும் இடம் இருக்கும். லினக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் ஆயிரம் வரியும் மறுபடி ஒரு வரியாகிவிடும்.

*சோதனை தோற்றது, ஆனால் நான் தொட்ட இடமே இல்லை.* அதே திட்டத்தில் மற்றவர்களின் புல் ரிக்வெஸ்ட்களைப் பாருங்கள். அங்கும் அதே சிவப்பு என்றால் பழுது அவர்களுடையது. அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் பொறுங்கள்.

அறிகுறி 7: அனுப்பி இரண்டு வாரம், ஒரு சத்தமும் இல்லை

மனத்துக்கு மிகக் கஷ்டமான அறிகுறி இதுதான். மறுக்கப்பட்டாலாவது ஒரு வார்த்தை வரும்.

முதலில் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது ஒரு புல் ரிக்வெஸ்ட் சேர்க்கப்பட்டது? ஒரு வருடத்துக்கு முன் என்றால் உங்கள் மேல் தவறில்லை, வேறு திட்டம் பாருங்கள். இதை அனுப்புவதற்கு முன்பே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை குறையும்.

உயிரோடுதான் இருக்கிறது என்றால், உங்கள் மாற்றத்தின் அளவைப் பாருங்கள். பராமரிப்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து பார்ப்பவர். எழுத்துப்பிழைத் திருத்தம், புதிய வசதி, கோப்புப் பெயர் மாற்றம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் அவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுவார். மூன்றாகப் பிரித்து அனுப்புங்கள்.

அதுவும் சரி என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், ஒரே ஒரு வரி. நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் ஜெர்மனியில் பிற்பகல் இரண்டோ மூன்றோ, அவர் வேலையில் இருப்பார். மூன்று மணி நேரத்தில் பதில் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். அதற்கு மேலும் இரண்டு வாரம் போனால், திட்டத்தின் உரையாடல் அறையில் கேட்கலாம். அங்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். செய்த மாற்றம் உங்கள் ஃபோர்க்கில் இருக்கிறது, அது உங்களுக்குப் பயன்படும்.

அறிகுறி 8: அனுப்பிய ஐந்தாம் நிமிடத்தில் மூடிவிட்டார்கள்

பங்களிப்பு விதிகள் என்ற கோப்பைப் படித்தீர்களா? முதலில் இஷ்யூ (பழுதையோ யோசனையையோ சொல்லும் குறிப்பு) திறந்து பேசச் சொல்லியிருப்பார்கள். அல்லது நீங்கள் அனுப்பிய பிராஞ்ச் (திட்டத்தின் கிளை) தவறு.

அக்டோபர் மாதமா? புல் ரிக்வெஸ்ட் அனுப்புபவர்களுக்குப் பரிசு தந்த அக்டோபர் விழாவான ஹாக்டோபர்ஃபெஸ்ட், 2014-இல் நல்ல எண்ணத்தோடு தொடங்கியது. 2020-இல் டிசட்டைக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் "அருமையான திட்டம்" என்று சேர்த்து ஆயிரக்கணக்கானோர் அனுப்ப, பராமரிப்பவர்கள் நொந்துபோனார்கள். அந்த அக்டோபரிலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதி மாறியது. வெறும் இடைவெளி மாற்றமோ அலங்கார மாற்றமோ அனுப்பினால் இன்றும் அந்த வடு பேசும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்ததை அப்படியே அனுப்பினீர்களா? சில திட்டங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024-இலேயே கூடாது என்று முடிவெடுத்தது. விதி எதுவானாலும், ஒரு வரியைச் சுட்டி "இது ஏன்?" என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாததை அனுப்பாதீர்கள். என் மேசையில் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்.

அறிகுறி 9: தமிழ் எழுத்து உடைகிறது, அல்லது தேடினால் கிடைக்கவில்லை

தமிழ் அறிந்தவரால் மட்டுமே பிடிக்கக்கூடிய பழுதுகள் இவை. இந்தத் தலைப்புக்காகவே ஒருவர் முழு மாலையைச் செலவிட்டாலும் தகும் என்பேன்.

*ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது.* பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. சங்க மலர்கள் பல இப்படித்தான் கிடக்கின்றன. யூனிகோடு மாற்றியில் இட்டு மாற்றுங்கள், மாற்றிய பின் வரிக்கு வரி கண்ணால் பாருங்கள்.

*கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது, தேடினால் இல்லை.* "கொ" என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம். விக்கிப்பீடியா சேமிக்கும்போதே இதை ஒன்றாக்கிவிடும். கிட்ஹப்பில் உள்ள கோப்பில் அப்படி நடக்காது. சந்தேகமான சொல்லை அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையில் புதிதாக அடித்துத் தேடிப் பாருங்கள். "கௌரி"யைக் "கெளரி" என்று ளகரம் போட்டு அடிப்பது வேறு தவறு, அதை எந்த இயந்திரமும் தானாகச் சரிசெய்யாது. "ஸ்ரீ"யும் இரண்டு விதமாக அடிக்கப்படுகிறது: "ஸ" வைத்த பழைய வழக்கம் ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த "ஶ" வைத்தது இன்னொன்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டு.

*பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது.* "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, சேமிக்கும்போது பதினைந்து பைட். நிரலர் "மூன்று எழுத்து" என்று வெட்டினால் "தமி" என்று முடியும், இரண்டு என்று வெட்டினால் மகரத்தின் கொக்கி காணாமல்போகும். இந்தப் பழுதை உங்களால் திருத்த முடியாமல் இருக்கலாம். ஆனால் இஷ்யூவாக எழுத முடியும்: எதை அடித்தேன், எது வந்தது, எது வந்திருக்க வேண்டும், ஒரு படம். நிரல் ஒரு வரிகூட எழுதாத ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் மேசையிலிருந்து அப்படி எழுதிய ஓர் இஷ்யூ திருத்தப்பட்டது. அன்று மேசையில் இருந்த எல்லாருக்கும் மகிழ்ச்சி.

*செயலியின் மொழிபெயர்ப்பைச் சேமித்தால் பிழை காட்டுகிறது.* மூலத்தில் $1, $2 என்று இருந்தால் தமிழிலும் அவை இருக்க வேண்டும். வரிசை மாறலாம், தமிழில் மாறத்தான் செய்யும். ஆனால் "$1ல்" என்று உருபை ஒட்டாதீர்கள். அங்கே எண்ணும் வரலாம், ஆள் பெயரும் வரலாம், ஊரும் வரலாம். "$1 என்ற பக்கத்தில்" என்று எழுதினால் எது வந்தாலும் பொருந்தும்.

*சேமித்தேன், செயலியில் வரவில்லை.* அடுத்த வெளியீட்டில்தான் வரும். சில தளங்களில் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். தமிழ்க் குழுவில் ஒப்புதல் தரும் ஆள் இல்லாமல் நூற்றுக்கணக்கான சொற்கள் காத்துக்கிடப்பதும் உண்டு. அப்போது திட்டத்துக்கு எழுதி, நீங்களே அந்தப் பொறுப்பைக் கேட்கலாம்.

1997 மே மாதம், தமிழ்நெட் 97 மாநாட்டுக்காக இதே ஊரில் கூடி, கணினியில் தமிழ் எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் பற்றிப் பேசினார்கள். நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதற்காக உழைத்தவர்களில் ஒருவர். எழுத்து உடைவதைப் பார்த்து ஓர் இஷ்யூ எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அறிகுறி 10: சேர்த்துக்கொண்டார்கள், என் பெயரில் காட்டவில்லை

கமிட்டில் உள்ள மின்னஞ்சல் வேறு, கணக்கில் உள்ளது வேறு. பள்ளி மின்னஞ்சலை அமைத்திருப்பீர்கள். அதைக் கணக்கில் இரண்டாவது மின்னஞ்சலாகச் சேர்த்தால் பழையவையும் வந்துவிடும். ஃபோர்க்கில் மட்டும் உள்ள கமிட், சுயவிவரப் பக்கத்தின் பச்சைக் கட்டத்தில் ஏறாது. மூலத்தில் சேர்ந்த பின்தான் ஏறும்.

அறிகுறி 11: ரகசியச் சாவியோ அடையாள அட்டை எண்ணோ உள்ள கோப்பு வெளியே போய்விட்டது

இதில் வரிசை மாறுகிறது, எளியதிலிருந்து தொடங்க நேரமில்லை. சாவி என்றால் முதலில் அதை வழங்கிய சேவையில் போய் ரத்து செய்யுங்கள், இப்போதே. கோப்பை அழித்து இன்னொரு கமிட் போடுவதால் பயனில்லை, வரலாற்றில் அது இருக்கும். பொதுக் களஞ்சியங்களில் சாவிகளைத் தேடும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ரத்து செய்த பிறகு வரலாற்றைச் சுத்தம் செய்யலாம், அதற்கு அனுபவமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறருடைய அடையாள அட்டை எண், முகவரி போன்றவை என்றால், களஞ்சியத்தை உடனே மறைத்துவிட்டு, கிட்ஹப்பின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். அந்தத் தரவு யாருடையதோ அவரிடமும் சொல்லிவிடுங்கள். அலுவலகத் தரவு என்றால் மேலாளரிடம் அன்றே சொல்லுங்கள். மறைத்து வைத்த ஒவ்வொரு நாளும் நிலைமையைக் கெடுக்கும்.

அறிகுறி 12: "இதைச் செய்ய எனக்கு அனுமதி உண்டா?" என்ற தயக்கம்

இது திரையில் வராத அறிகுறி. ஆனால் இதனாலேயே பலர் தொடங்காமல் நிற்கிறார்கள்.

சொந்த நேரம், சொந்தக் கணினி, வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றால் பெரும்பாலும் தயக்கம் தேவையில்லை. விக்கிப்பீடியாவில் ஊர்க் கோவிலைப் பற்றி எழுத யாரிடமும் கேட்க வேண்டாம்.

நிரலராக வேலை செய்கிறீர்கள் என்றால் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலையின் பகுதியாக நீங்கள் எழுதியதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கு உரியது. சில ஒப்பந்தங்கள் வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதையும் சேர்த்து வளைத்துவிடும். மங்கலாக இருந்தால் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அது வரும்வரை எந்தப் பங்களிப்பாளர் ஒப்பந்தத்திலும் ஒப்பமிடாதீர்கள். நிறுவனமும் மாற்றுக் கருத்துச் சொல்கிறது, உங்கள் நிரலும் பெரியது என்றால், அது வழக்கறிஞரிடம் போக வேண்டிய விஷயம். என்னைப் போன்றவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

கல்லூரித் திட்டப்பணியை வெளியிடுவதற்கு முன், வழிகாட்டும் விரிவுரையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நிறுவனம் ஒன்று தந்த பணி என்றால் கட்டாயம் கேளுங்கள்.

எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ், வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகள் கேட்கும் கேள்வி வேறு: "அண்ணன் ஒருத்தர் சொன்னாரு, பிழை கண்டுபிடிச்சா காசு தர்றாங்களாம், செய்யலாமா அக்கா?" அனுமதிச் சீட்டில் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். பணம் வாங்காத திருத்தம் வேறு, வெகுமதிக்காகச் செய்யும் வேலை வேறு. காசு என்ற சொல் வந்த உடனே நிறுத்திவிட்டு, மனிதவள அமைச்சிடம் நேராகக் கேளுங்கள். அவர்கள் பதில் வரும்வரை காசில்லாத திருத்தங்களைச் செய்துகொண்டிருக்கலாம். ஒரு வரைபடப் புள்ளி, ஓர் எழுத்துப்பிழை, ஒரு சான்று என்று செய்ய நிறையவே இருக்கிறது.